நீல வெளிச்சத்தில் ஒரு சிவப்பு கவுன்

மார்ச் 3, திங்கள்

இன்று ஒத்திகையில் என் மானம் போச்சு. கடைசிக் காட்சி: நிலா வெளிச்சத்தில் அம்மா மகனை வழியனுப்புகிறாள். நிலாவுக்காக விளக்கின் முன் நீல ஜெல் தாளை, அதான் அந்த வண்ணக் கண்ணாடித்தாளை, மாட்டினேன். அம்மாவாக நடிப்பவர் போட்டிருந்த சிவப்பு கவுன் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. "பையன் ஊருக்குப் போறானா, செத்துட்டானா?" என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள், அண்ணியைத் தவிர. நாடகத்தை இயக்குவது அண்ணிதான். டிக்கெட் கவுண்டரில் இருந்த என்னை நம்பி விளக்குக்குக் கொண்டுவந்ததும் அவர்தான்.

மார்ச் 4

அண்ணி "கொஞ்சம் சிவப்பு போடு" என்றார். போட்டேன், நீலத் தாளின் மேலேயே. மேடை இருண்டு போனது. கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை; இரண்டு தாளும் சுருண்டுவிட்டன. ஏன்? போட்டால் நிறம் கூடத்தானே வேண்டும்?

அண்ணி கத்தவில்லை. வெள்ளிக்குள் சரிவராவிட்டால் வெறும் வெள்ளை விளக்கே போதும், நீ கவுண்டருக்கே போயிடு என்று சொல்லிவிட்டுப் போனார். கத்தியிருந்தாத் தேவலை.

மார்ச் 5

கவுண்டருக்குப் போக மாட்டேன். மாட்டவே மாட்டேன்.

மார்ச் 6

ஜன்னல் வெயிலில் ஜெல் துண்டுகளைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். இந்தப் பாழாப்போன "போடு"தான் என்னை ஏமாத்தியிருக்கு! ஜெல் நிறத்தைப் போடுவதே இல்லை, எடுக்கிறது. வெள்ளை வெளிச்சத்துக்குள் எல்லா நிறமும் இருக்கு. நீல ஜெல் நீலத்தை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை விழுங்குது. அந்த நீலத்தையும் சிவப்பு ஜெல் விழுங்கிட்டா என்ன வரும்? இருட்டுதான். விழுங்கினதெல்லாம் சூடாகித் தாளைக் கருக்கிடுச்சு. கவுன் கதையும் இதேதான் — சிவப்பு வெளிச்சம் அதுமேல் விழுந்தால்தானே சிவப்பாகத் தெரியும்!

அப்படியென்றால் இரண்டு விளக்கு, ஆளுக்கொரு தாள். வெளிச்சம் மேடையில் போய்ச் சேர்ந்துகொள்ளட்டும்.

மார்ச் 7, வெள்ளி

இடப்பக்கமிருந்து நீலம். வலப்பக்கமிருந்து இளஞ்சிவப்பு, கவுன்மேல் மட்டும் விழும்படி, மெல்ல மெல்ல ஏற்றினேன். பின்சுவர் முழுக்க நிலா வெளிச்சம், நடுவில் அந்தக் கவுன் — அடேயப்பா! அம்மாவாக நடிப்பவர் தன்னைத் தானே குனிந்து பார்த்ததில் வசனத்தை விட்டுவிட்டார். நானா செய்தேன்? நானேதான்!

அண்ணி ரொம்ப நேரம் பார்த்தார். நாளைக்கும் இப்படியே இருக்கட்டும் என்றார். அவ்வளவுதான். ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்தா போகும்?

மார்ச் 9, ஞாயிறு

நேற்று முதல் காட்சி. வழியனுப்பும் இடத்தில் அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, நாடகத்துக்காக இல்லை.

முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் மேடைக்கே ஏறிவந்து அண்ணியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கவுன் துணி எந்தக் கடையில் வாங்கினது, தன் மகளுக்கும் அதே துணி வேணுமாம். அது எங்கள் வீட்டுப் பழைய ஜன்னல் திரையில் தைத்தது. நான் வயரைச் சுருட்டுகிற மாதிரி நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி என் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தச் சிவப்பு கடையில கிடைக்காதுங்க. இதோ நிக்கிறாளே என் நாத்தனார், அவ கைவேலை."