கரும்பு வண்டிக்குப் பின்னால் ஓடியவள்

பிப்ரவரி 11, செவ்வாய் இரவு. திருப்பதி.

வெள்ளிக்கிழமை கான்ஸ்டபிள் வேலைக்கான ஓட்டத் தேர்வு. இன்று ஒத்திகையிலும் நான்தான் கடைசி.

எனக்கு ஓடுவதற்கு யாரும் கற்றுத்தரவில்லை. எங்கள் ஊர் பாலசமுத்திரத்தில் கரும்பு டிராக்டர் போனால் பின்னாலேயே ஓடி ஒரு கழியை உருவுவோம். அதிலேயே உடம்பு பழகிவிட்டது. முன்னால் சாய்ந்து, வலது கையைத் தள்ளி நீட்டியபடி ஓடுவேன். ஊரில் என்னை யாரும் முந்தியதில்லை. இங்கே பயிற்சி மையத்தில் சேர்ந்த அன்று கோச் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். நிமிர்ந்து ஓடு, கையை மடக்கு என்று மாதக்கணக்கில் திருத்தினார். அவர் சொன்னது சரிதான். நானும் தேடிப் படித்தேன். ஆனால் கையை நினைத்தால் மூச்சு தப்புகிறது. மூச்சை நினைத்தால் கால் பின்தங்குகிறது.

"என்னாடி, கணக்குப் போட்டுகினே ஓடறியா?" என்று என் அறைத்தோழி கோமதி கேட்டுக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள்.

ஓடி முடித்ததும் கோச் பக்கத்தில் வந்தார். "வதிலெய்மா" என்றார் தெலுங்கில். "விட்டுடும்மா. நான் சொன்னதெல்லாம் மறந்துடு. முன்ன எப்பிடி ஓடினியோ அப்பிடியே ஓடு."

"சரி சார்" என்றேன்.

எல்லோரும் போன பிறகு மைதானத்தில் ஒரு சுற்று அப்படி ஓடிப் பார்த்தேன். முன்னால் சாய்ந்தேன். கையை நீட்டினேன். முன்பு எவ்வளவு நீட்டுவேன் என்று தெரியவில்லை. கோச்சிடமே கேட்டிருக்கலாம். அன்று நான் ஓடியதைப் பார்த்தவர் அவர். நான் ஓடிக்கொண்டு மட்டும்தான் இருந்தேன்.