மயிலிட்டிக் கடற்கரைக் காணி

வட்டுக்கோட்டை,
12.11.1991

அன்புள்ள மகன் பகீரதனுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் இருக்கிறோம். அந்த நோர்வேக் குளிரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று மாவிட்டபுரத்துக் கந்தனை வேண்டுகிறோம், கோயில் பக்கம் போக முடியாதபடியால் இங்கிருந்தே கும்பிடுகிறோம். உன் கடிதம் இரண்டு மாதம் சுற்றி வந்து சேர்ந்தது. இதைக் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து விடுகிறேன். தெல்லிப்பழையை விட்டு வந்து ஒன்றரை வருடமாகிறது, பத்மாசினிச் சின்னம்மா வீட்டின் பின் அறையில்தான் இன்னும் இருக்கிறோம், அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றவில்லை, மருந்தும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் தேடியே பகல் போய்விடுகிறது.

மணற்காட்டுப் பக்கம் கடற்கரைக் காணிகள் மலிவாகப் போகின்றன, ஒன்றைப் பார்த்து வாங்கி விடுங்கோ, சண்டை முடிந்தால் நோர்வேக்காரர் வெயில் காய வருவார்கள் என்று எழுதியிருக்கிறாய். நான் போக மாட்டேன். ஏனென்று சொல்ல வேண்டும், இதுவரை உனக்கு மறைத்ததையும் சொல்ல வேண்டும்.

போன வருடம் தையில் மயிலிட்டியில் உனக்கு வாங்கிய காணி கடற்தொழிலாளி யாகப்புவுடையது என்று உனக்குத் தெரியும். போன சண்டையில் அவருடைய வள்ளம் உடைந்து போனது, புது வள்ளம் எடுக்கத்தான் காணியை விற்றார். காணி உறுதி எழுதின அன்று என்னைத் தனியே கூப்பிட்டு, "ஐயா, காணியின்ரை மூலையிலை ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இருக்கிறம். வள்ளத்தை இழுத்து வைக்க வேறை கரை இல்லை. காணியையும் பாத்துக்கொள்ளுவம்" என்று கேட்டார். நான் உனக்கு எழுதினேன். வெள்ளைக்காரர் வந்து நிற்கிற இடத்தில் வலையும் கருவாடும் மணக்கக் கூடாது, ஆட்களை அங்கேயிருந்து எழுப்பி விடுங்கோ என்று நீ பதில் எழுதினாய். எனக்கு அது சரியாகப் படவில்லை, என்றாலும் பிள்ளையின் காணி, பிள்ளையின் விருப்பம் என்று போய்ச் சொன்னேன். அவர் என்னோடு வாதாடவில்லை. "ஓம் ஐயா, போறம்" என்று மட்டும் சொன்னார். பங்குனியில் மனைவி கத்தரீனாவையும் மகள் யசிந்தாவையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணப் பட்டினத்துக் கொழும்புத்துறைக்குப் போய் வாடகைக்கு இருந்தார்.

ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியதும் மயிலிட்டிச் சனம் முழுவதும் ஓடியது. யாகப்புவின் தமையன், மச்சான்மார் எல்லாரும் வள்ளங்களில் ஏறிப் பருத்தித்துறைப் பக்கம் இறங்கினார்கள். கஷ்டப்பட்டாலும் இன்று அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள். யாகப்பு அவர்களோடு இல்லை. போன ஆவணியில் ஒரு காலை, கொழும்புத்துறைக் கரையில் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு நின்றபோது இராணுவ ஹெலிகொப்டரிலிருந்து சுட்டதில் அந்த இடத்திலேயே முடிந்து விட்டார்.

எங்கே இருந்தாலும் விதி வந்திருக்கும் என்று அம்மா சொல்கிறா. அப்படி நினைக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீ தூரத்திலிருந்து எழுதினாய், அந்த மனிதனின் முகத்தைப் பார்த்துச் சொன்னவன் நான். மணற்காட்டிலும் காணியை மலிவாக விற்கிறவன் இப்படி ஒருவனாகத்தான் இருப்பான்.

செத்த வீட்டுக்குப் போக எனக்குத் துணிவு வரவில்லை. முப்பத்தோராம் நாளுக்குப் பிறகுதான் சைக்கிளில் போனேன். கத்தரீனா என்னை இருக்கச் சொல்லித் தேத்தண்ணியும் தந்தா. அவ ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "ஐயா, அந்தக் காணிக் கிணத்துத் தண்ணி இப்பவும் நல்ல தண்ணியோ?" என்று கேட்டா. மயிலிட்டி இப்போது இராணுவம் இருக்கிற இடம், அங்கே யார் போய்ப் பார்ப்பது? எனக்குத் தெரியாது என்றேன்.

திரும்பி வந்து யோசித்து, உனக்காகக் கையெழுத்து வைக்கிற அற்றோர்ணித் தத்துவம் என் கையில் இருக்கிறபடியால் உன்னைக் கேளாமலே உறுதி எழுதுகிற நொத்தாரிசு நாகலிங்கத்திடம் போய்க் காணியை அவவின் பெயருக்கே திருப்பி எழுதச் சொன்னேன். அதற்கு நீ கோபித்தால் கோபித்துக்கொள். அவ ஏற்றுக் கையெழுத்து வைத்தால்தான் செல்லும் என்றபடியால், எழுதிய கடதாசியைக் கொண்டுபோய்க் கத்தரீனாவிடம் நீட்டினேன். அவ கையை நீட்டவில்லை. "அந்த மனுசன் இல்லாமல் எனக்குக் கடல் ஏன் ஐயா? யசிந்தாவைக் கரையில்லாத ஊரிலைதான் கட்டிக் குடுப்பன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டா. நெடுநேரம் வாசலில் நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

ஆகவே மகன், காணி இன்னும் உன் பெயரில்தான் இருக்கிறது. உன்னால் அதில் கால் வைக்க முடியாது, என்னால் அதைக் கொடுக்கவும் முடியவில்லை, வாங்க ஆள் இல்லை. எனக்கு நித்திரை வருவது குறைந்துவிட்டது. அம்மாவுக்குச் சொல்லவில்லை, நீயும் எழுதாதே.

கம்பளிக் காலுறை போடாமல் வேலைக்குப் போகாதே. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. இனிக் காணி பற்றி எழுத வேண்டாம், உன் உடம்பைப் பற்றி எழுது. கத்தரீனாவுக்கு நாலு வரி எழுத மனம் வந்தால் எழுதி எனக்கு அனுப்பு, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், என்ன எழுதுவதென்று மட்டும் என்னைக் கேட்காதே.

நீ நல்லாயிருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா
சி. சோமசேகரம்