எதிர்வீட்டு வாசல்

அக்டோபர் 19, ஞாயிறு

அன்புள்ள யசுஹிகோவுக்கு,

மலை உச்சி பனியில் வெளுத்துவிட்டது. என் இருமல் நின்றுவிட்டது. ஃபுகுவோகாவில் இன்னும் அரைக்கைச் சட்டைதானா? உப்பிட்ட சால்மன் தனியாக அனுப்பியிருக்கிறேன். சுடுசோற்றோடு சாப்பிடுங்கள், குடிப்பதற்குத் தொட்டுக்கொள்ள அல்ல.

போனில் சொன்னால் ‘ம்’ கொட்டுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வீட்டு முகப்பை மாற்றிவிட்டேன். பனி உருகியதுமே தொடங்கிய வேலை. வாசலில் உடைந்து கிடந்த சிமெண்டுப் பலகைகளைப் பெயர்த்தேன். வேலியோரம் நீலம் பாய்ந்த ஜூனிப்பர் புதர்கள், அதன் காலடியில் அகல இலை ஹோஸ்டா, படிகளின் இருபுறமும் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா, தெருவோரச் சரிவில் தரையோடு படரும் ஷிபாசகுரா பூச்செடி. எல்லாமே நம் ஹொக்கைதோ குளிரில் வேர் சாகாத ஜாதிகள். நாற்றுக் கடைக்காரர், “என்னம்மா, வீட்டை விக்கப் போறீங்களா? வாசலுக்கு இம்புட்டு செலவு பண்றீங்க!” என்று கேட்டார். சிரித்து வைத்தேன். எதிர்வீட்டு மிஹோகோவைத் தோற்கடிக்கத்தான் என்று எப்படிச் சொல்வது?

கணவனைப் பறிகொடுத்து அவள் இந்தத் தெருவுக்கு வந்தபோது, அவள் வாசலில் செடி வைக்க முதல் குழி வெட்டியது நீங்கள். பாவம், தனியாள் என்றீர்கள். நம் வாசலில் நீங்கள் குனிந்து ஒரு புல் பிடுங்கியதில்லை. உங்களை ஃபுகுவோகாவுக்கு மாற்றிய பிறகு நானும் தனியாள்தான்.

ஜூலையில் ஊரார் தோட்டம் பார்க்கத் தெருத்தெருவாக வந்தார்கள். நான் பார்லித் தேநீரைக் குளிரவைத்து, புது ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றேன். வந்தவர்களும் நம் வாசலில்தான் நின்றார்கள், அவள் வீட்டை முழுதாகப் படம் பிடிக்க அதுதான் வசதியாம். பகல் முழுக்க நான் பார்த்தது முதுகுகளைத்தான். ஒருவர் பின்னால் நகர்ந்து ஹோஸ்டாவை மிதித்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டார்.

மாலையில் அவளே வந்து, “உங்க ஜூனிப்பர் என்னா நிறம், சவாகோ-சான்! எனக்கு இப்படி அமையவே மாட்டேங்குது” என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அவள் நல்லவளாக இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போன வாரம், பனிப் பாரத்தில் கிளை முறியாமலிருக்க மூங்கில் நட்டுச் செடிகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். தெருவைத் தாண்டி ஓடி வந்தாள். “ஒத்தையா எப்படிக் கட்டுவீங்க? யசுஹிகோ-சானும் அடுத்த இலையுதிர் காலம் வரைக்கும் வர முடியாதாமே. விடுங்க, நான் பிடிச்சுக்கிறேன்.”

வரும் மார்ச்சில் திரும்பிவிடுவேன் என்றுதான் என்னிடம் நீங்கள் சொல்லியிருந்தீர்கள்.

“ஆமாம், சொன்னார்” என்றேன். அவள் பிடித்தாள், நான் கயிற்றை இழுத்தேன். இழுத்த இழுப்பில் ஹைட்ரேஞ்சியாவின் ஒரு கிளை படக்கென்று ஒடிந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். “ஐயோ, உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்! மண்ணுக்குச் சுண்ணாம்பு போடலாமான்னு கேக்கத்தான் அவருக்குப் போன் பண்ணினேன்” என்று திரும்பத் திரும்பக் குனிந்தாள். இருக்கலாம். சுண்ணாம்பு பற்றி நாற்றுக் கடைக்காரருக்கும் தெரியும்.

மறுநாள் நானே போய் அவள் வீட்டுச் செடிகளையும் கட்டிக் கொடுத்தேன். நன்றாகவே கட்டினேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை. அவை பனியில் முறிந்தால் நான் சந்தோஷப்பட்டுவிடுவேனோ என்ற பயம்தான். இப்போதே நான் எப்படிப்பட்டவளாக மாறிவிட்டேனோ, அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் இருவரும் என்ன பேசுகிறீர்கள் என்று கேட்கப் போவதில்லை. மேலதிகாரி அங்கே உங்கள் வேலையை நீட்டித்தால் நீங்கள்தான் என்ன செய்வீர்கள்? ஆனால் மே கடைசியில் ஷிபாசகுரா பூத்துச் சரிவு முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். இரண்டு நாளாவது விடுப்பு எடுத்து வாருங்கள். பட்டாணிச் சோறு ஆக்கி வைக்கிறேன்.

குளிரோ வெயிலோ, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வரும் தேதி முடிவானதும் இந்த முறை எனக்கு முதலில் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி,
சவாகோ