இரைச்சலை நீக்கியபோது

இயர்போனின் இடப்பக்கக் குமிழில் உப்புப் பூத்திருந்தது. இன்று காலை நகத்தால் சுரண்டினேன். வலப்பக்கம் உன்னுடையது. அதைத் தொடவில்லை.

ஆளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குக் கல்லூரி போனோம், மூன்று வருடங்கள். ஏதோ வெளிநாட்டு இசைக்குழு ஒன்றை நீதான் கண்டுபிடித்தாய். முதல் பாட்டிலேயே நான் காதிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

"என்னாடி இது, மிக்சில ஸ்பூன் வுழுந்த மாதிரி இருக்குது?"

"உள்ள ஒருத்தி பாடறா, கேளு."

"பாவம். யாரோ அவளையும் சேத்து அரைச்சிட்டாங்க."

நீ சிரிக்கவில்லை. "சத்தத்த தள்ளிட்டுத் தேடாதடி. அதோட சேத்துக் கேளு."

நான்காம் நாள், பேருந்து கீழ்புத்துப்பட்டில் நின்றபோது, கேட்டது. கிதார்கள் கிழிபடும் இரைச்சலுக்கு அடியில் ஒரு பெண்குரல். சின்ன மெட்டு. குழந்தைகூடப் பாடிவிடும். அதன்பிறகு மற்ற பாட்டெல்லாம் எனக்குக் கழுவித் துடைத்ததுபோல் ஆகிவிட்டன.

பிறகு நம் பாட்டு. உன் அம்மா வேலை செய்யும் உப்பளத்தில், பாத்திகளுக்கு உப்புநீர் இறைக்கும் டீசல் இன்ஜின் பக்கத்தில் நின்று பாடினாய். என் போனை ஒரு காலி வாளிக்குள் வைத்துப் பதிவு செய்தோம். இன்ஜினின் சுருதியைப் பிடித்து, அதிலிருந்து நூலளவு விலகி, மறுபடி ஒட்டி. சொற்கள் இல்லை. ஒரே தடவை. வேறு பிரதி கிடையாது.

அடுத்த மாதம் காய்ச்சல். ஐந்து நாள். அவ்வளவுதான் நீ.

காரியம் முடிந்ததும் உன் அம்மா வந்தார். "அவ பாடுனது உன் போன்ல இருக்குதாமே. போடும்மா."

போட்டேன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இன்ஜின்தான் ஓடுது. நாள் பூரா கேக்கறதுதான. எம்பொண்ணு எங்க?"

"உள்ள இருக்கா அத்தை. சரி பண்ணிக் குடுக்கறேன்."

சரிதான் பண்ணினேன். இரைச்சலை நீக்கும் ஒரு செயலி. ஒரே பொத்தான். சேமிக்கவா என்றது. சேமித்தேன், பழைய பதிவின் மேலேயே. இன்ஜின் போய்விட்டது. இன்ஜினோடு அவ்வளவு ஒட்டிப் பாடியிருந்தாய், செயலிக்கு நீயும் இரைச்சல். மிஞ்சியது, தண்ணீருக்கடியில் யாரோ மூச்சுவிடுவதுபோல் ஏதோ ஒன்று. நான்கு நாளாக அதை முழுச் சத்தத்தில் கேட்கிறேன். செல்போன் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "மேலயே சேவ் பண்ணிட்டீங்க. வராதும்மா."

நீ போனது ஒரு முறை. நான் அழித்தது இன்னொரு முறை.

இன்று பிற்பகல் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உப்பு வாரிக்கொண்டிருந்தவர் பலகையை நிறுத்தினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

"உனக்கு ஞாபகம் இருக்குது இல்ல? நீ பாடிக் காட்டு."

வாயைத் திறந்தேன். மெட்டு வரவில்லை. இன்ஜின் வந்தது. டுக்குடுக்கென்று தொண்டையிலிருந்து. அதை விட்டு உன்னை மட்டும் எடுக்க எனக்குத் தெரியவில்லை. அடுத்த பாத்தியில் ஒருத்தி, "இன்னாக்கா, பொண்ணு பம்பு செட்டு ஓட்டுது?" என்றாள். உன் அம்மா கையை மட்டும் உயர்த்தி அவளை அடக்கினார். நான் நிறுத்தவில்லை. எங்கோ நடுவில், குரல் பிசிறிய இடத்தில், இரண்டு சுரங்கள். உன்னுடையவை.

உன் அம்மா கண்ணை மூடியிருந்தார்.

"ம்," என்றார். "அப்புறம்?"

அந்த இரண்டுதான் இருக்கிறது என்னிடம். அப்புறம் தெரியவில்லையடி.