தை மாதம் வடக்குக் கடலுக்குப் போகமுன்

கோணேசர் துணை

லிங்கநகர்,
திருகோணமலை.

அன்பு மகள் தர்சிகாவுக்கு,

நீயும் மருமகனும் ஒஸ்லோவில் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு அம்மா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் கதைக்க வெளிக்கிட்டால் அழுகைதான் முந்துகிறது, அதனால்தான் கடிதம், பக்கத்து வீட்டுச் சோபனா படமெடுத்து அனுப்புவாள்.

நீ தை மாதம் நோர்வேயின் வடக்குக் கரைக்குப் போக டிக்கெட் போட்டுவிட்டாய் என்று அப்பா சொன்னார். என்னிடம் சொல்லப் பயந்து அவரிடம் சொல்லியிருக்கிறாய், நல்ல பிள்ளை. போன தையில் அண்ணா மீன்பிடிக் கப்பலிலிருந்து விழுந்து காணாமல் போன இடத்தில், வருஷம் திரும்புகிற நாளிலே பூப்போட்டுவிட்டு வரப் போகிறாயாம். அந்த மாதம் அங்கே சூரியனே எழும்பாதாமே. இங்கே சனம் சூரியனுக்குப் பொங்குகிற நேரம் நீ அந்த இருட்டுக்குள் போய் என்னத்தைப் பார்க்கப் போகிறாய்? கோடையில் போகலாமே என்று அப்பா கேட்டதற்கு, அண்ணா பட்ட குளிரை நானும் ஒருக்காப் பட்டுப் பார்க்கவேணும் அப்பா என்றாயாம். அதைக் கேட்டபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர், கடலைப் பற்றி நான் சொல்லி அவருக்குத் தெரியவேண்டியதில்லை. அந்தத் தண்ணியில ஆரும் தப்ப ஏலாது புஸ்பம், கன்னியா வெந்நீர்க் கிணத்தடியில அந்தியேட்டிக் கிரியையைச் செய்து பிள்ளையை அனுப்பிவிடுவம் என்று கெஞ்சுகிறார். நான்தான் விடவில்லை. உடம்பைக் கண்ணால் காணாமல் என் பிள்ளைக்கு எப்படியடி கருமம் செய்வது? படத்துக்கு மாலை போடவும் விடவில்லை. சாவுத் துடக்கும் காக்கவில்லை, தீபாவளிக்குப் பலகாரமும் சுட்டேன். பிள்ளையைக் கடலில விட்டிட்டு முறுக்குச் சுடுறாள் என்று சனம் கதைத்தது. கதைக்கட்டும். ஆனால் சுட்டதை அப்பாகூடத் தொடவில்லை, கடைசியில் நொறுக்கிக் கோழிக்குப் போட்டேன். இது செத்தவீடா இல்லையா என்று எங்களுக்கே தெரியாமல் இருக்கிறோம் பிள்ளை. எனக்கு இனி ஏலாது.

போகாதே என்று சொல்லமாட்டேன், சொன்னாலும் கேட்கமாட்டாய். காலுக்குக் கம்பளி மேஸ் இரண்டு சோடி போடு, வழுக்காத சப்பாத்து வாங்கு. கரையோரத்தில் தனிய நிற்காதே, மருமகனின் கையை விடாதே. எனக்கு மிஞ்சியிருப்பது நீ ஒருத்திதான்.

போன உடனே பூவைப் போட்டுவிடாதே. முதலில் அவனைக் கூப்பிட்டுப் பார். சின்னதில் அவன் கடற்கரையில் விளையாடிக்கொண்டு நிற்க நான் உன்னைத்தானே அனுப்புவேன், அந்த மாதிரி, அண்ணா, உன்னை அம்மா சாப்பிட வரட்டாம் என்று சத்தமாய்க் கூப்பிடு. வெள்ளைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும், வெட்கப்படாதே. நான் ஆளனுப்பி அவன் வராமல் இருந்ததில்லை. கொஞ்சம் பொறுத்து நின்று பார். அதற்கும் வராவிட்டால் பூவைப் போடு. நானும் கன்னியாவுக்கு வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன்.

கோணேசர் உங்கள் இருவரையும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கூப்பிட்டுப் பார்த்ததை அப்பாவுக்குச் சொல்லாதே, எனக்கு மட்டும் சொல்.

உன் அம்மா
புஸ்பராணி