ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் சத்தம்

ஜனவரி 9, வியாழன்

காரில் பாட்டு நின்றுவிட்டது. மாமாவும் மாமியும் மக்காவில் உம்ரா முடிந்து வந்ததிலிருந்தே ஸ்பீக்கர் கரகரத்துக்கொண்டிருந்தது. இன்று ஒன்றுமே இல்லை. திரையில் பாட்டு ஓடுகிறது, நிமிடம் நகர்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை. மாமா சிரித்தார். "நல்லதாப் போச்சு. இனிமே ஓதிக்கிட்டே போலாம்."

ஜனவரி 11, சனி

போனது பாட்டு மட்டும் இல்லை.

மாமா திருவானைக்காவல் கடையை அடைத்துவிட்டு வந்தார். எங்களுடையது முட்டுச்சந்து, உள்ளே வண்டி திருப்ப இடம் கிடையாது. முனையிலிருந்தே ரிவர்ஸில் வந்து, திறந்திருக்கும் கேட்டுக்குள் அப்படியே நுழைய வேண்டும். பின்னால் ஏதாவது நெருங்கினால் பீப் பீப் என்று வருமே, அது இன்று வரவில்லை. வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மை இடித்தார். டிரம் உருண்டு போய்ச் சுவரில் மோதிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

அவருக்குக் கழுத்தெலும்பு தேய்மானம். திரும்பிப் பார்க்க முடியாது. கேமரா இல்லாத பழைய மாடல். அந்தச் சத்தத்தை நம்பித்தான் பின்னால் எடுக்கிறார்.

டிரம் என் பிள்ளை தாஹா உயரம் இருக்கும். இதை ஏன் எழுதுகிறேன்.

ஜனவரி 12, ஞாயிறு

சவுதிக்கு, தம்மாமுக்குப் போன் போட்டு மச்சானிடம், என் வீட்டுக்காரரிடம், சொன்னேன். பாட்டுப் பெட்டிதானே, லீவில் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். பக்கத்திலிருந்த மாமி போனுக்குள் கேட்கும்படியே மகனிடம் சொன்னார்: "புள்ள பொறந்ததுலேருந்து இவளுக்கு வஸ்வாஸ், ரசூலு. கேஸை மூடினோமான்னு படுத்த பிறகு எந்திரிச்சுப் போயிப் பாக்குறா."

வஸ்வாஸ் - ஷைத்தான் மனதில் போடும் வீண் சந்தேகம். எழுந்து போய்ப் பார்ப்பது உண்மைதான். அதற்காக நான் பயப்படுவதெல்லாம் வீண் என்று ஆகிவிடுமா?

ஜனவரி 13, திங்கள்

படித்த எலெக்ட்ரானிக்ஸ் எதற்கு இருக்கிறது என்று நானே இறங்கினேன். பியூஸ் எல்லாம் சரி. எல்லா ஸ்பீக்கரும் ஒரே நாளில் போகாது. எனவே ஸ்பீக்கர் இல்லை. திரைக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப் ஒன்று இருக்கிறது. பாட்டு, பீப், சீட் பெல்ட் மணி எல்லாம் அதன் வழியாகத்தான் வர வேண்டும். கையேட்டைப் பார்த்தேன். டிக்கியில், இடது பக்க மூடிக்குப் பின்னால்.

மூடியைக் கழற்றினால் ஆம்ப் பெட்டியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வயர் சேரும் இடத்தில் பச்சைப் பாசி மாதிரி. கார்ப்பெட்டில் ஈர வாடை.

தண்ணீர் எங்கிருந்து? பிறகு நினைவு வந்தது. ஏர்போர்ட்டிலிருந்து வரும்போது டிக்கியில், மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் புனித நீர்க் கேன் ஒழுகியது. மாமியிடம் கேட்டேன். "ஜம்ஜமைப் போயி தரை தொடைக்கிற துணியால தொடைப்பாங்களா? தானா காயட்டும்னு விட்டேன்" என்றார். அவரை என்ன சொல்ல? அன்று அந்த ஈரத்தைத் தொட்டுத் தாஹாவின் தலையில் தடவியது நான்தான்.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் லீவு முடிந்து அருள்நாதன் கடை திறந்திருந்தது. மாமா கடைக்கு எதிர்ப்புறம், கார் எலெக்ட்ரிக்கல் வேலை. நானும் கூடவே போனேன். ஆம்ப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராக வயர் கொடுத்தால் பாட்டு வந்துவிடும் என்றார். பீப் வருமா என்று கேட்டேன். யோசித்தார். வராது. அதே ஆம்ப்தான் வேண்டும். புதுசு எப்போது வரும் என்று சொல்ல முடியாது, பழசு ஒன்று பார்த்துத் தருகிறேன் என்றார்.

"எந்த வண்டியோடது?"

"அடிபட்ட வண்டிம்மா. அதெல்லாம் கேக்காதீங்க. பொருள் நல்லா இருக்கும்."

காவிரிப் பாலம் வரும்வரை அதே நினைப்பு. அடிபட்ட வண்டி. யார் அடிபட்டது?

ஜனவரி 20, திங்கள்

ஆம்ப் வரும்வரை காரை மெயின் ரோட்டிலேயே விட்டுவிடுங்கள் என்று மாமாவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "எம்பேரனை நான் இடிச்சிருவேனா?" என்றார். சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிட்டார்.

சாயங்காலமானால் தாஹாவோடு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறேன். அவன் அழுவதில்லை. தாத்தாவை அவன் நன்னா என்பான். நன்னா வந்ததே அவனுக்குத் தெரிவதில்லை.

ஜனவரி 25, சனி

ஆம்ப் மாற்றியாகிவிட்டது. அருள்நாதன் போனிலேயே பீப்பைக் கேட்கவைத்தார். நிம்மதியாகத் தாஹாவைப் போர்ட்டிகோவில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாழ்ப்பாள் எதற்கு இனி? கேட் திறந்திருந்தது.

மாமா சந்துக்குள் வரும்போது கண்ணாடியை இறக்கித்தான் வருவார். பீப் வாசல்வரை கேட்டது. நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடிக்கவில்லை. "நன்னா!" என்று வழுக்கி இறங்கினான். ஓடினான். கேட்டைத் தாண்டிச் சந்துக்குள். அவனுக்கு அந்தச் சத்தம்தான் நன்னா. இத்தனை நாள் சத்தம் இல்லை, அதனால் ஓடவில்லை. எனக்கு ஏன் தோணல? ஏன் தோணவே இல்ல?

விட்டு விட்டு வந்த பீப் ஒரே நீளமாகக் கத்தியது. வண்டிக்குப் பின்னால் இருந்தது என் பிள்ளை.

மாமா பிரேக் போட்டுவிட்டார். சத்தம் கேட்டுத்தான் போட்டார். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பட்டன் தெறித்துவிட்டது. மாமா இறங்கி வந்து பம்பரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வண்டி பாதிச் சந்தில் அப்படியே நின்றது.

ஜனவரி 26, ஞாயிறு

மாமாவே ஒரு ஏற்பாடு சொன்னார். சந்து முனையில் நிறுத்தி எனக்குப் போன் போடுவார். தாஹாவைத் தூக்கிவிட்டேன் என்று நான் சொன்ன பிறகுதான் ரிவர்ஸ் போடுவார்.

பிப்ரவரி 3, திங்கள்

ஏற்பாடு நடக்கிறது. வஸ்வாஸ் என்ற வார்த்தை இந்த வீட்டில் இப்போது இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன்.

"தாஹாவைத் தூக்கிட்டியாம்மா?"

"தூக்கிட்டேன் மாமா."

போன் அணைந்தது. வெளியே பீப் ஆரம்பித்தது. அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். மணிக்கட்டுவரை மாவு. கையில் பிள்ளை இல்லை.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. கேட்டில் இல்லை. சந்தில் இல்லை. மாமா வண்டியை உள்ளே விட்டு எஞ்சினை அணைத்தார். தாஹா உள் அறையில் இருந்தான். மாமி தொழுதுகொண்டிருந்தார், சஜ்தாவில், நெற்றி தரையில் பட, குனிந்தவர் முதுகில் ஏறிப் படுத்துக் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் விழுந்துவிடக் கூடாதென்று மாமி தலையைத் தூக்காமலே கிடந்தார். பீப் கேட்டதும் அவன் இறங்கப் பார்த்திருக்கிறான். மாமி ஒரு கையைப் பின்னால் கொண்டுவந்து அவன் காலைப் பிடித்திருந்தார்.

மாமா உள்ளே வந்து சாவியை ஆணியில் மாட்டினார். "நீ சொன்னாப் போதும்மா, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துருவேன்" என்றார்.

"ம்" என்றேன். கையைக் கழுவினேன். மாவு நகத்துக்குள் போயிருந்தது, வரவே இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்கும் போன் வரும்.