குறைநீக்கல் அறையில் ஓர் இடம்

ஜூலை 7, திங்கள்
காலையிலேயே புழுக்கம். புகைமூட்டத்தில் மலை தெரியவில்லை.

பத்து மணிக்குப் பள்ளியில் கூட்டம். இருந்தவர்கள்: தலைமையாசிரியை (இனி த.ஆ.), குறைநீக்கல் வகுப்பு எடுக்கும் சிவகாமி டீச்சர், கவினின் அம்மா சாந்தி அக்கா, வேறு இரண்டு அம்மாக்கள், ஒரு அப்பா (வேலை உடுப்போடு, நின்றபடியே), நான். ஆக ஏழு பேர். இவர் (என் வீட்டுக்காரர்) இல்லை. பாரிட் புந்தாருக்கு அரிசி ஏற்ற லாரியோடு போய்விட்டார்.

விஷயம்: முதலாம் ஆண்டில் எழுதப் படிக்கப் பின்தங்கிய பிள்ளைகள் ஐந்து பேர். ஐந்தாவது பெயர் லோஷினி. சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று பட்டியலை வாங்கிப் பார்த்தேன். என் மகள்தான்.

சோதனைத் தாளைக் காட்டினார்கள். பெயர்கூட எழுதவில்லை. வெறும் தாள்.

"வீட்டுல எல்லாம் படிப்பா டீச்சர்" என்றேன். சாந்தி அக்கா சிரித்துவிட்டார். "எல்லா அம்மாவும் அதத்தான் சொல்றோம் பிரேமா. போன வருசம் மூத்தவனுக்கு நானும் அதத்தான் சொன்னேன்லா."

கையெழுத்துப் போட்டேன். நாளை முதல் தினமும் ஒரு மணி நேரம் குறைநீக்கல் அறையில்.

வாங்க: கற்பூரம், வெற்றிலை, லோ.வுக்கு வெள்ளைக் காலுறை.

மாலை. நல்ல மழை. துணியெல்லாம் உள்ளே. லோ.விடம் கேட்டேன், ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று.

"கடைசிப் பக்கத்துல கதை இருந்துச்சும்மா. ஆட்டைத் தொலைச்ச பையன் மழையில தேடிப் போறான். அதோட நின்னுருச்சு. அடுத்த பக்கம் கேட்டேன். பேசாம செய்யின்னுட்டாங்க."

"முன்னாடி உள்ள பக்கம்?"

"அதெல்லாம் படம்தானேம்மா. ஆடு கெடைச்சிச்சான்னு யோசிச்சிட்டே இருந்தேன். மணி அடிச்சுருச்சு."

இதைப் போய் யாரிடம் சொல்வது?

ஜூலை 8, செவ்வாய்
வெயில். மிளகாய் காயப்போட்டேன்.

யோசித்துப் பார்த்தால் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டுவழிபாட்டில் பாயில் உட்காருவேன். கையில் பாட்டுப் புத்தகம். எதிரில் அவள், மூன்று வயதிலிருந்து. என்னையும் யார் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்? மூன்றாம் ஆண்டோடு நின்றவள். மனப்பாடமாகத் தெரிந்த பாட்டை அச்சில் விரல் வைத்துத் தேடித் தேடி, இருபத்து நாலு வயதில் படிக்கக் கற்றேன். இன்றும் உதடு அசையாமல் என்னால் படிக்க முடியாது.

அவளுக்கு உதடு அசைவதில்லை. கண் மட்டும் ஓடுகிறது. மிளகாய் கட்டிவந்த பழைய பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரித்தாள். அவள் சிரித்த இடத்துக்கு நான் படித்து வந்துசேர ஐந்து நிமிடம் பிடித்தது.

ஜூலை 9, புதன்
ஒன்பது மணிக்குச் சிவகாமி டீச்சர் போன். "உடனே வர முடியுமா அக்கா? பயப்படாதீங்க, நல்ல விஷயம்தான்." அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். மூச்சு வாங்கியது.

டீச்சர் சொன்னது: மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். எழுத்து அட்டை ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறார். லோ. வாயைத் திறக்கவில்லை. டீச்சர் தன் ஃபைலில் 'எழுத்துகளை அடையாளம் காணவில்லை' என்று எழுதியிருக்கிறார். இவள் எதிரில் இருந்தபடி, "அடையாளம் காணுறேனே டீச்சர். எழுத்து மட்டும் தனியா இருந்தா அதுல என்ன சொல்றது?" என்று கேட்டிருக்கிறாள். ஃபைல் அவளுக்குத் தலைகீழ். எனக்கு அது அதிசயமாகப் படவில்லை. பாயில் என் புத்தகமும் அவளுக்குத் தலைகீழ்தானே.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். மூன்றாம் ஆண்டுப் புத்தகம் கொடுத்தார். படித்தாள். ஐந்தாம் ஆண்டு அறிவியல். படித்தாள். அன்றைய பேப்பரின் நடுப்பக்கம், வெள்ளத்தடுப்பு பற்றி. படித்து முடித்து, "மழை வர்றதுக்கு முன்னாடியே கால்வாயைத் தோண்டணும்னு சொல்றாங்க. ஆனா யார் தோண்டணும்னு எழுதல" என்றாள்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குக் கை கூப்ப வேண்டும்போல் இருந்தது, நான் பெற்ற பிள்ளையைப் பார்த்து. அடக்கிக்கொண்டேன். கொஞ்சம் பயமாகவும் இருந்தது. தலை வாரிவிடும்போது ஆடாமல் நிற்கத் தெரியாதவள். முன்பல் இரண்டு இல்லை.

த.ஆ.வும் வந்து கேட்டார். சந்தோஷப்பட்டார். பிறகு சொன்னார்: "வயசுப்படிதான் வகுப்பு. தாண்டி உட்கார வைக்க எனக்கு அதிகாரம் இல்ல. இவ பேரை இந்தப் பட்டியல்லேருந்து எடுத்துடறோம். வழக்கம்போல முதலாம் ஆண்டுலயே இருக்கட்டும்."

நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். பெயர் போனால் அவமானமும் போனது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் லோ. சோறு தொடவில்லை. "அந்த ரூம் இனிமே இல்லையாம்மா?"

"அது உனக்கு வேணாம்லா. நீதான் படிக்கிறியே."

"கிளாஸ்ல முடிச்சிட்டா கையைக் கட்டி உட்காருன்னு சொல்லுவாங்க. ரொம்ப நேரம் கட்டியிருப்பேன். அங்க கட்ட வேணாம்."

ஜூலை 10, வியாழன்
தூறல். பெயர் எடுக்கும்வரை லோ. அங்கேதான். டீச்சரிடம் கேட்டு நானும் அந்த அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பழைய சாமான் அறையைத்தான் மாற்றியிருக்கிறார்கள். ஒரு கம்பளம், இரண்டு புத்தக அலமாரி, மேசை ஒன்று. பிள்ளைகள் ஐந்து பேரும் ஐந்து விதமான வேலை. கவின் மணலில் எழுத்து எழுதுகிறான். இன்னொரு பிள்ளை படத்துக்குச் சொல் தேடுகிறது. டீச்சர் ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்கார்ந்து, அவரவர் நின்ற இடத்திலிருந்து தொடங்குகிறார். லோ. மூலையில் அறிவியல் புத்தகத்தோடு. அவளிடமும் போய், "இதுல உனக்குப் புரியாதது எது?" என்று கேட்டார். ஒன்றைக் காட்டினாள். இருவரும் தேடினார்கள். அதை எழுத அவள் பென்சிலைப் பிடித்த விதத்தைப் பார்த்து, டீச்சர் விரல்களைத் திருத்தி வைத்தார்.

பள்ளி முழுக்க ஒரு பிள்ளைக்கென்று ஒரு பாடம் நடப்பது இந்த ஓர் அறையில்தான். பின்தங்கினால் இடம் உண்டு. முந்திப்போனால் கையைக் கட்டி உட்கார வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி
விளக்குத் திரி மாற்றினேன். கேசரி, பாதி டீச்சருக்கு.

டீச்சர் பள்ளி வாசலுக்கு வந்து மெதுவாகச் சொன்னார். "ஒரு வழி இருக்குக்கா. பழைய தாளே ஃபைல்ல இருக்கட்டும். மறுபடி சோதிச்சதா நான் எழுதல. வருசக் கடைசி வரைக்கும் என்கிட்டயே இருப்பா. பெரிய டீச்சரும் கண்டுக்க மாட்டாங்க."

எவ்வளவு நல்ல மனசு. சரி என்று வாய்வரை வந்தது. ஆனால் அந்த ஃபைல் அவள் எதிரில்தான் தினமும் திறந்திருக்கும். தான் பின்தங்கியவள் என்று தினமும் படிப்பாள். ஒருநாள் நம்பியும்விடுவாள். இல்லையென்றால், பெரியவர்கள் பொய் எழுதுவார்கள் என்று தெரிந்துகொள்வாள். எது மோசம் என்று தெரியவில்லை. கோயிலில் அரை மணி நேரம் கண்மூடி உட்கார்ந்தேன். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்தபோது மனசு தெளிவாக இருந்தது.

இவருக்குப் போன் போட்டு, லோ.வுக்கு அந்த அறையிலேயே இடம் கேட்கப்போகிறேன் என்றேன். "மக்கு வகுப்புன்னு சொல்லுவாங்கலா. பேரை எடுத்துட்டா விட்டுற வேண்டியதுதானே." நான் போனை லோ.விடம் கொடுத்து, பேப்பரைப் படித்துக் காட்டச் சொன்னேன். ஒரு பத்தி. இரண்டு பத்தி. மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனை வாங்கினேன்.

"இருக்கேன். லாரியை ஓரமா போட்டுட்டேன்" என்றார். பிறகு, "நீ என்ன நினைக்கிறியோ செய் பிரேமா."

ஜூலை 13, ஞாயிறு
நாலு தாள் வீணாகி ஐந்தாவதில் எழுதிய கடிதம். இங்கே நகல்.

மதிப்புக்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு, வணக்கம். என் மகள் லோஷினி வாசிப்பில் பின்தங்கவில்லை. அப்படி எழுத வேண்டாம். அவள் முந்தியிருக்கிறாள் என்று உள்ளபடியே எழுதுங்கள். கையெழுத்து மோசம், பென்சில் பிடிக்கவே தெரியவில்லை. அதையும் எழுதுங்கள். இரண்டையும் எழுதிவிட்டு, அதே அறையில் அதே ஒரு மணி நேரம் அவளுக்கு இடம் கொடுக்க முடியுமா? நாற்காலி இல்லை என்றால் கம்பளத்தில் உட்காருவாள். வேறொரு பிள்ளைக்கு அந்த இடம் தேவை என்றால், அந்தப் பிள்ளைக்கே கொடுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன். விதியில் இடமில்லை என்றால், யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள், நானே போகிறேன். பட்டியல் வியாழக்கிழமை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகிறது என்றார்கள். தயவுசெய்து புதன்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள்.